நாலு மணி நேரம்

"சிங்கப்பூர்லேர்ந்து திருச்சிக்கு நாலு மணி நேரம்தான்" என்று செல்போனைப் பார்த்துப் பார்த்து, துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் சித்தப்பா. ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா, தம்பி புகழேந்தி வந்து கொள்ளி வைக்கட்டும் என்று நேற்றிலிருந்து கிடந்தார். படுத்த படுக்கையாக இருந்த காலமெல்லாம் அவருக்குப் பீமூத்திரம் அள்ளியவள் நான். ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போடா என்று கெஞ்சும்போதெல்லாம் புகழேந்தி, "நெனச்சா வர்ற தூரமாக்கா இது?" என்பான். அப்பா செத்ததும் அந்தத் தூரம் எங்கே போனது?

மத்தியானம் அவனிடமிருந்து போன். விமானத்தைத் தவறவிட்டுவிட்டானாம், நாளைக் காலையில் வந்துவிடுவானாம்.

"இன்னும் ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கலாம்" என்றார் சித்தப்பா.

"யாரு பொறுக்கணும்? அப்பாவா?" என்றேன்.

எழுந்து போய் ஐஸ் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். உறுமல் நின்றது. "தூக்குங்க, கொள்ளிய நானே வைக்கிறேன்."

"ஏம்மா, பொம்பளப்புள்ளயா கொள்ளி வைக்கிறது?" என்று எகிறினார் சித்தப்பா.

வாசலில் தயாராக இருந்த கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் சொன்னேன்:

"இங்கேருந்து சுடுகாடு எத்தனை மணி நேரம், அதையும் செல்லுல பாத்துச் சொல்லுங்க."