தெருவுக்கு ஒருத்தர்

"இன்னா நாகு, என் சேரு சாருக்கு வசதியா கீதா?"

கூப்பிடாமலே உள்ளே வந்து நின்றாள் பக்கத்து வீட்டு ராணியக்கா. அம்மாவுக்கு முகம் செத்துப்போனது.

சேரில் உட்கார்ந்திருந்தவர் செங்கல்வராயன் சார். ஜானகிராமன் குடும்ப அறக்கட்டளையிலிருந்து வீட்டைப் பார்க்க வந்திருந்தார். சென்னை பாடியில் பட்டறை வைத்து முன்னுக்கு வந்த குடும்பம். வருஷா வருஷம் நம்ம ஏரியா பிள்ளைகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுகிறார்கள். ஆனால் தெருவுக்கு ஒருத்தருக்குத்தான்.

எங்கள் தெருவில் மனு போட்டது ரெண்டு பேர். நான். அப்புறம் ராணியக்கா பொண்ணு ரோஷினி.

பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். இது கிடைத்தால் பாலிடெக்னிக். கிடைக்காவிட்டால் ஜெராக்ஸ்தான்.

பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் போய் சாரைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

"ராணி, அப்புறம் பேசலாம். நீ போ" என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்புறம் இன்னா பேசறது? சார், இந்த சேரு என்னுது. அந்த டேபிள் ஃபேனும் என்னுது. காலைல வந்து வாங்கினு போனா. கௌரவமான குடும்பம்னு தெரியணுமாம்!"

சார் ஃபேனைப் பார்த்தார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஊட்டுக்காரரு கம்பெனிக்குப் போயிருக்காருன்னு சொன்னாளா?"

"ஆமாம்மா, சொன்னாங்க."

"கம்பெனி மூடி நாலு மாசம் ஆவுது சார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிகினு ஸ்டேஷன் பெஞ்சுல குந்திகினு கீறாரு. நீங்க கிளம்பினதும் இவ போன் அடிப்பா, அவரு வந்துருவாரு."

உண்மைதான். சாரோடு அந்த பெஞ்சைத் தாண்டித்தான் வந்தேன். அப்பா என்னைத் தெரியாதவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள போய் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்க. காலி! நாலு நாளா எங்கூட்டு அடுப்புலதான் இவங்க சோறு வேவுது."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போதும்க்கா! ரோஷினிக்கு வேணும்னா நேரா கேட்டு வாங்கிக்கோ. எதுக்கு எங்க மானத்த வாங்கற?"

"மானத்த வெச்சிகினு இன்னாடி பண்ணுவ? அதைக் காட்டினா காலேஜ்ல சேத்துப்பானா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் சார். மடியில் இருந்த ஃபாரத்தை எங்கள் பக்கம் திருப்பினார். என் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது: வசதியான குடும்பம். உதவி தேவையில்லை.

"இந்தம்மா வரலைன்னா இதோட மூடிட்டுக் கிளம்பியிருப்பேன்" என்றவர், ரெண்டு வரியையும் அடித்தார். பிறகு ராணியக்காவை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க பொண்ணும் மனு போட்டிருக்கு. தெருவுக்கு ஒருத்தர்தான்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். எங்கூட்டையும் வந்து பாருங்க. ரெண்டையும் பாத்துட்டு யாருக்கு வேணா குடுங்க. இவ அம்மா உட்ட பீலாவுல இவ தோத்துடக் கூடாது. அவ்ளோதான்."

நான் தரையைப் பார்த்தேன்.

சார் தயங்கினார். "உங்க வீட்டுக்கு வரவேண்டாம்னு ரோஷினி பேரை அடிச்சிட்டேனேம்மா. சொந்த வீடு, அப்பா துபாய்ல சம்பாதிக்கிறார்னு வர்ற வழியில சொன்னாங்க."

ராணியக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உட்டுட்டு ஓடிப்போன ஆளு துபாய்லயா கீறாரு? எனக்கே தெரியாம போச்சே! வாடகை ஊடு வேற சொந்த ஊடா ஆயிடுச்சா?"

பக்கத்தில் வந்து என் தோளில் கையைப் போட்டாள்.

"யாருடி எழிலு அது? நம்ம தெருல யாரு இப்டி வாய்கூசாம சொல்லிருப்பாங்க?"

சார் என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நான்தான்க்கா" என்றேன்.