மகாராணி தின்னாத இலை

என் ஆட்டின் தலை பானைக்குள் போனதை அந்த அரங்கத்தில் முதலில் பார்த்தவள் நான்தான்.

உடனே குரல் கொடுத்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்குவதிலேயே நேரம் போய்விட்டது.

மேடையில் பேராசிரியர் ஸ்ரீகாந்த் குடவோலையின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். பல்லவரில் தொடங்கியவர் சோழரிடம் வந்து சேர்வதற்குள் எனக்குப் புதிதாக நாலு முடி நரைத்துவிட்டது. பக்கத்துக் கூடத்தில் சாம்பார் ஆறி ஆடை கட்டிவிட்டது.

சுற்றுச்சூழல் மாநாட்டில் ஆட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மகாராணி அழைப்பின் பேரில் வந்தவள்.

இந்த வருஷ மாநாட்டைக் குப்பையே இல்லாமல் நடத்துவது என்று முடிவெடுத்திருந்தார்கள். சாப்பாடு வாழை இலையில். சாப்பிட்ட இலை ஆட்டுக்கு. சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் பந்தி நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இலை எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நன்றாகத் தின்கிற ஆடாகப் பார்த்துக் கூட்டி வரச் சொன்னார்கள்.

மகாராணியைப் போலத் தின்கிற ஆடு தொண்டை மண்டலத்திலேயே கிடையாது. கொஞ்சம் அசந்தால் தாம்புக்கயிற்றைத் தின்றுவிட்டு, கட்டியிருந்த தூணை முகர்ந்து பார்ப்பாள். அவள் கழுத்தில் 'கழிவு மேலாண்மை' என்று அட்டை மாட்டியிருந்தார்கள். எனக்கு அட்டை இல்லை.

அன்றைக்கும் கயிற்றைத்தான் தின்றிருந்தாள்.

பானைக்குள் இருந்தவை ஏரிகள். ஒவ்வொரு ஊர்ப் பள்ளியும் தன் ஏரிக் கரையில் பறித்த இலை ஒன்றில், முள்ளால் ஏரியின் பெயரைக் கீறிப் போட்டிருந்தது. ஒரு சின்னக் குழந்தை கைவிட்டு ஒன்றை எடுக்கும். வருகிற ஏரியை மாநாட்டுக்காரர்கள் ஒரு வருஷம் தத்தெடுப்பார்கள். கரை உயரும், மரம் நடப்படும், பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து மண்ணையும் நீரையும் சோதிப்பார்கள்.

எங்கள் ஊர் டீச்சர் செவ்வந்தி முன்வரிசையில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ மாநாட்டுக்கு வந்துவிட்டாள், எங்கள் சித்தேரி ஒரு தடவையும் வந்ததில்லை. வேர் பிடித்து நிறுத்த மரமில்லாத கரை. போன மழையில் ஓரிடத்தில் சரிந்துவிட்டது. இன்னொரு பெருமழை வந்தால் ஏரி, வயல், செவ்வந்தியின் பள்ளிக்கூடம் மூன்றும் ஒன்றாகிவிடும்.

இலை எடுக்க வேண்டிய குழந்தை அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தது.

மகாராணி விழித்திருந்தாள். அவளுக்குப் பசி.

பானை தானாக எழுந்து மேடையில் நடந்தது. சோழர் நின்றார். பானை மைக்கில் மோதி உடைந்தது. அந்தச் சத்தம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து நிதானமாக மென்றுகொண்டு மகாராணியின் முகம் வெளிவந்தது. பூவரசு, ஆல், அரசு என்று வட்டாரத்து ஏரிகள் அத்தனையும் அவள் வயிற்றில்.

ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவில் ஒரே ஒரு இலை கிடந்தது. மகாராணி அதை முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பேராசிரியர் அதை எடுத்துப் படித்தார். எங்கள் சித்தேரி.

மானாம்பதிப் பக்கத்துத் தலைமையாசிரியர் பாண்டுரங்கன் எழுந்துவிட்டார். "இன்னாக்கா இது, ஆட்டுக்குப் பாடம் சொல்லிக் குடுத்து இட்டாந்தியா? செல்லாது சார். எல்லாரும் திரும்ப எயுதிப் போடலாம்."

செவ்வந்தியின் கையில் தலைப்பு கயிறாகியிருந்தது.

"ஓலை எடுக்கிறவங்களுக்கு எழுத்து தெரிஞ்சிருக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் இப்போ சொன்னீங்க?" என்றேன் பேராசிரியரிடம். "எங்க மகாராணிக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

கூரை ஓட்டில் இருந்த புறாக்கள் பறந்துபோகும்படி சிரித்தார்கள். பாண்டுரங்கன் சிரிக்கவில்லை.

பேராசிரியரும் சிரிக்கவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஆடாதொடை இலையாச்சே, ஆடு வாயே வைக்காதே. எல்லாரும் மரத்து இலை போட்டாங்க. நீங்க ஏம்மா இதைப் போட்டீங்க?"

செவ்வந்தி எழுந்தாள்.

"எங்க கரையில இது மட்டுந்தான் சார் கீது. மத்தது எல்லாத்தையும் ஆடு மேஞ்சிடுச்சி."

யார் ஆடு என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை, நல்ல பெண்.

பாண்டுரங்கன் கொஞ்ச நேரம் அந்த இலையைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"அவங்களுக்கே குடுத்துடுங்க சார்" என்றார். "கன்னு நாங்க தர்றோம். எங்க கரையில பூவரசு நெறையா கீது."

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

சாப்பாட்டுக்கு முன்பே சித்தேரிக்கான முதல் தீர்மானத்தைப் பேராசிரியர் படித்தார். கரையில் இனி ஒரு ஆடும் மேயக் கூடாது. சம்மதம் என்பவர்கள் கை தூக்கலாம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

மகாராணி அதைக் கவனிக்கவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைத் தின்றுகொண்டிருந்தாள்.