மிச்ச மருந்து

ஆஸ்பத்திரிப் படியில் டாக்டரம்மா நின்றுவிட்டாள். தான் கொடுத்த மருந்துதான் மேல்வீட்டுப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது என்ற நினைப்பு காலையிலிருந்து அவளை விடவில்லை.

அவள் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் தும்மினாலும் முந்திக்கொண்டு வைத்தியம் சொல்வாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கேலிக்கு வைத்ததை அவள் பெருமையாகவே சுமந்துகொண்டு திரிந்தாள்.

முந்தாநாள் மேல்வீட்டுக்காரி இறங்கி வந்து, பிள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல் விடவே மாட்டேன் என்கிறது என்று புலம்பினாள். முதல் பிள்ளை, எதற்கெடுத்தாலும் பதறுகிறவள். டாக்டரம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து, தன் மகளுக்குக் காது வலி வந்தபோது வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்து அவள் கையில் திணித்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நன்றாகக் குலுக்கிவிட்டுக் காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன் கொடு, பிள்ளை எழுந்து ஓடிவிடுவான் என்றாள்.

மேல்வீட்டுக்காரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன யோசிக்கிற? எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்டும் விட்டாள். அந்தப் பெண் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது, மருந்து கொடுத்தாயா என்று விசாரித்தாள். மேல்வீட்டுக்காரி தன் செருப்பைப் பார்த்தபடி "ம்" என்றாள்.

இன்று பொழுது விடிந்ததும் பிள்ளைக்கு வலிப்பு. கண் செருகிக் கைகால் வெட்டி இழுக்க, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். செய்தி கேட்டதும் டாக்டரம்மாவுக்கு ஸ்பூனும் பாட்டிலும்தான் கண்முன் வந்து நின்றன.

வார்டில் பிள்ளை சலைன் இறங்கும் கையை நீட்டியபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். குடியிருப்பிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மேல்வீட்டுக்காரி இவளைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள்.  டாக்டரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்றது நர்ஸின் குரல். பழக்கதோஷத்தில் இவள் திரும்பிவிட்டாள். வந்தவர் அசல் டாக்டர், இவளைவிட இளையவர். இவளுக்குக் காது மடல் சுட்டது.

டாக்டர் பிள்ளையின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார்; தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ச்சல் ஒரேயடியாக ஏறினால் சில பிள்ளைகளுக்கு இப்படி வலிப்பு வருவதுண்டு, இப்போதைக்கு ஆபத்தில்லை என்றவர், வீட்டில் என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று தாயைக் கேட்டார்.

"காய்ச்சல் மருந்து மட்டும்தான் டாக்டர். வேற எதுவும் குடுக்கல."

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இந்தப் பெண் பொய் சொல்கிறாள். பெற்ற பிள்ளை இப்படிக் கிடக்கும்போதுமா? அந்தப் பொய்யை நம்பித்தானே இனி வைத்தியம் நடக்கும்?

வாயை மூடிக்கொண்டால் மானம் பிழைக்கும். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரத் தொடங்கியிருந்தார்.

"இல்ல டாக்டர், இன்னொரு மருந்தும் குடுத்திருக்கு. நான்தான் குடுக்கச் சொன்னேன்."

டாக்டர் திரும்பி வந்தார். என்ன மருந்து, யாருக்கு வாங்கியது, எவ்வளவு கொடுக்கச் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பவுடரில் தண்ணீர் கலந்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும் என்றதும் அவர் புருவம் ஏறியது. கலந்த மருந்துக்கு, ஃப்ரிட்ஜில் வைத்தாலும், ஆயுள் ஒன்றிரண்டு வாரம்தான் என்றார். பிள்ளையின் எடையைப் பார்த்துத்தான் அளவு சொல்வோம். ஒரு பிள்ளைக்கு எழுதியது இன்னொன்றுக்கு ஆகாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் மூச்சே அடைத்துவிடும். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதுவே அறைந்த மாதிரி இருந்தது.

"அது முழுசா குடுத்து முடிக்க வேண்டிய மருந்தும்மா. மிச்சம் எப்படி வந்துச்சு?"

மகளுக்குக் காது வலி நின்றதும் இவளே நிறுத்திவிட்டாள். அதையும் ஒளிக்காமல் சொன்னாள். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள். சாயங்காலத்துக்குள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும். டாக்டரம்மாவால் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

டாக்டர் தாயின் பக்கம் திரும்பினார். இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கலாமா, அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கடிந்துகொண்டார்.

"அவளைத் திட்டாதீங்க டாக்டர். எனக்காகத்தான் பொய் சொல்லிட்டா" என்று டாக்டரம்மா கைகூப்பினாள்.

மேல்வீட்டுக்காரி உதட்டைக் கடித்தபடி நின்றாள். அவளும் கூனிக் குறுகிப் போயிருந்தாள். மெல்ல வந்து டாக்டரம்மாவின் கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"அந்த மருந்தை அன்னைக்கே சிங்க்ல ஊத்திட்டேன்க்கா. பொய் சொன்னது உங்ககிட்டதான்."