எதிர் நாற்காலி

வேட்பாளர் விவாதம் நேரலையில் தொடங்கியதும் டி.வி. முன்னால் இருந்த கீதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“கோனியம்மா தாயே! உங்கப்பா வாயே தொறக்கக் கூடாது மிதுன்!”

மகன் மிதுன் நகத்தைக் கடித்தான்.

திரையில் எதிர்க்கட்சி வேட்பாளர் பொங்கியண்ணன் மேசையைத் தட்டினார். “அன்னூருக்கு ஒரு சாக்கடை கட்டுனாருங்களா இந்த மனுசன்?”

மேடைக்கு மேடை கர்ஜிக்கும் கீதாவின் கணவர் கிருபாசங்கர் கைகூப்பினார். “நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்.”

நெறியாளர் தலையில் கைவைத்தார். “சார், இது விவாதம்! பதில் சொல்லுங்க.”

“கொஞ்சம் தண்ணி குடுங்க.”

“பாருங்க, பயந்துட்டாரு! டெபாசிட்டே தேறாது!” என்றார் பொங்கியண்ணன்.

கிருபாசங்கரின் மீசை துடித்தது. விருட்டென்று எழுந்தார்.

“அம்மா, போச்சு!” மிதுன் அலறினான். கீதா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நேரமாச்சுங்க. நான் போய்ட்டு வாரேனுங்க.” கும்பிட்டுவிட்டு அரங்கை விட்டே போய்விட்டார்.

கீதாவுக்கு மூச்சு வந்தபோது போன் அடித்தது. பொங்கியண்ணனின் மனைவி நாச்சியம்மாள். கீதாவைவிட அவள்தான் அதிகமாகப் பதறினாள்.

“ஏனுங்க சம்மந்தி, எங்க ஊட்டுக்காரரு பேசுனதுக்குக் கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க மிதுனுக்கு எங்க பொண்ணு அக்ஷயாவை நிச்சயம் பண்ண வந்துருவீங்கதானுங்களே?”