பதினைந்து நாள்கள்

2008 ஏப்ரல் 21, திங்கட்கிழமை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் துப்புரவு நிறுவனம் நடத்தும் இராசலிங்கம், அமெரிக்கப் பேஸ்பால் அணியில் சேர்ந்த தம் மகனுக்காக அந்த அணிக்குக் கண்டனக் கடிதம் எழுதுவித்தார்.

“விளையாட வந்து ஆறு வருசம் முடியுமட்டும் அவங்கள் வைச்சதுதான் சம்பளம், தங்கச்சி. வேணுமெண்டே பெடியனைப் பதினைஞ்சு நாள் பிந்தி ஆட்டத்திலை இறக்கினவங்கள். இப்ப நாள் காணாதெண்டு இந்த வருசம் அந்த ஆறிலை சேராதாம்!”

“அநியாயம், அண்ணை,” என்றபடி பணியாளர் சிவகௌரி எழுதினார்.

“உழைக்கிறவன்ரை நாளைக் களவெடுக்காதேங்கோ எண்டும் போடும்.”

கையெழுத்திட்டபின் இராசலிங்கம் இன்னொரு கடிதத்தைச் சிவகௌரியிடம் நீட்டினார்.

“அடுத்த கிழமை உமக்கு இங்கை ஆறு மாதம் முடியுது. பிறகு சட்டப்படி உம்மை வேலையாலை லேசிலை நிப்பாட்ட ஏலாது. பதினைஞ்சு நாள் வீட்டிலை நிண்டிட்டுப் புதுசாச் சேரும்.”

அன்றுடன் சிவகௌரியை நிறுத்துவதென்றும், கண்டனக் கடிதத்தைப் போகும் வழியில் அவரே தபாலில் சேர்ப்பதென்றும் முடிவாயிற்று.