மேல் தோட்டம், கீழ்த் தோட்டம்

யூதர்களில் தலைப்பிள்ளையாகப் பிறந்த ஆண்கள் பஸ்கா பண்டிகைக்கு முதல் நாள் நோன்பு இருக்க வேண்டும். அன்று யாராவது தல்மூத் என்ற சட்ட நூலின் ஒரு பாகத்தைப் படித்து முடித்தால், அதைக் கொண்டாடும் விருந்தில் உட்கார்பவர்களுக்கு நோன்பு விலகிவிடும். தலைப்பிள்ளையான கீரைத்தோட்டக்காரர் பினேகாஸ் அதற்காகத்தான் காலையிலேயே ஜெப ஆலயத்துக்கு வந்து, மூடி வைத்திருந்த வறுத்த மீனுக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். நகூமும் எப்ராயீமும் இரண்டு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டே படித்த பாகத்தில் கடைசிப் பக்கம்தான் பாக்கி.

“சீக்கிரம் முடிங்கண்ணே, கண்ணு இருட்டுது,” என்றார் பினேகாஸ்.

நகூம் வாசித்தார். மேலே ஒரு தோட்டம், கீழே ஒரு தோட்டம், நடுச்சரிவில் கீரை முளைத்திருக்கிறது. மேல் தோட்டக்காரர் கை நீட்டினால் எட்டுகிற வரை அவருடையது. மீதி கீழ்த் தோட்டக்காரருடையது.

“அவ்வளவுதான், மீனைத் திற,” என்று எப்ராயீம் புத்தகத்தை மூடப் போனார்.

“இருங்கண்ணே. யாரோட கை?” என்றார் பினேகாஸ். “மேல இருந்தவன் குள்ளன். தோட்டத்தை ஒரு நெட்டையனுக்கு வித்துட்டான். அப்போ கீழ இருக்கிறவன் கீரை போயிருமா?”

“போகும்!” என்றார் எப்ராயீம்.

“எப்படிய்யா போகும்?” என்று நகூம் எகிறினார். பிறகு பினேகாஸின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். “சரி, பண்டிகை முடிஞ்சு பேசிக்கலாம். நீ பசின்னியே, சாப்பிடு.”

பினேகாஸ் திறந்த பக்கத்தின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

“மூடாதீங்க. கீழ இருக்கிறது என் தோட்டம். போன வாரம் மேல வாங்கினவன் ஆறடி.”

எப்ராயீம் வாய்விட்டுச் சிரித்தார். மீன் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, பதிலைத் தேடி மறுபடி முதலிலிருந்து தொடங்க, புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.