டவாலியின் மரியாதை

கலெக்டர் ஆபீசில் டவாலியாக இருந்தவர் மாசிலாமணி. யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கும் உடம்பு அது. நிமோனியா வார்டிலும், டாக்டரம்மா வரும்போதெல்லாம் ஊசி குத்திய கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்துவிடுவார்.

"உக்காருங்க ஐயா, நான் உங்க ஆபீசர் இல்ல" என்று சொல்லிச் சொல்லி டாக்டரம்மா சலித்துப்போனார்.

இன்று காலை மாசிலாமணி எழவில்லை. படுத்தபடியே சிரித்தார்.

"அப்பாடா, ஒருவழியா நம்ம பேச்சைக் கேட்டுட்டாரு" என்றார் டாக்டரம்மா.

"காலையில கஞ்சி வேணாம்னுட்டாரு டாக்டர்" என்றாள் மகள்.

"வயசானா அப்படித்தாம்மா. காய்ச்சல் இல்ல பாருங்க. நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

மகள் கும்பிட்டாள். டாக்டரம்மாவும் கூட வந்த நர்சுகளும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். போர்வைக்கு அடியில் மாசிலாமணியின் கால்விரல்கள், எழுந்து நிற்க முடியாமல், இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருந்தன.